ஒரே மூட்டையில் கட்டிய நான்கு

ஊரில் இருந்தவரை நமக்கு இந்தச் சிக்கல் வந்ததில்லை. நம் சபை எப்படிச் செய்கிறதோ அதுதான் கிறிஸ்தவம். வேலை நிமித்தம் புனே மாதிரி ஓர் ஊருக்கு வந்து, கிடைக்கிற தமிழ் ஆராதனையில் போய் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிகிறது. பக்கத்தில் தரங்கம்பாடி லூத்தரன்காரர். முன் வரிசையில் நாசரேத் சி.எஸ்.ஐ. குடும்பம். பின்னால் நாகர்கோவில்காரர்கள். ஓரத்தில் கம்மல், மூக்குத்தி எல்லாம் கழற்றிவிட்ட பெந்தெகொஸ்தே அம்மா. தமிழ் கேட்க வேண்டும் என்பதற்காகவே வந்து போகும் ஒரு கத்தோலிக்கக் குடும்பம்.

செருப்பை வாசலில் விடுவதா, போட்டுக்கொண்டே வருவதா? கல்யாணத்துக்குத் தாலியா, மோதிரமா? லெந்து நாட்களில் நிச்சயதார்த்தம் வைக்கலாமா? சாம்பல் புதன் உண்டா, இல்லையா? பெண்கள் தலையில் பூ வைக்கலாமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்குவாதம். எல்லா வாக்குவாதமும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: "அது வேதத்தில் எங்கே எழுதியிருக்கு?"

நல்ல கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வியை நம் மண்ணில் நானூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேட்ட விதத்தில் சில சமயம் நல்லதைத் தொலைத்திருக்கிறோம், சில சமயம் மகா அநியாயத்தைப் பத்திரமாகப் பாதுகாத்திருக்கிறோம். அந்தக் கதையைத்தான் இந்தப் பதிவில் எழுதப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்தருள்க.

முதலில் வேதம் என்ன சொல்கிறது?

மாற்கு 7ஆம் அதிகாரம். சீஷர்கள் கை கழுவாமல் சாப்பிடுகிறார்கள் என்று பரிசேயர் குறை சொல்கிறார்கள். கை கழுவுவது முன்னோர் பாரம்பரியம். இயேசு அதற்குப் பதிலாக 'கொர்பான்' என்ற வழக்கத்தை எடுத்துப் போடுகிறார். சொத்தைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டால், பெற்ற தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதிலிருந்து தப்பித்துக்கொள்ளலாம். அதாவது, பாரம்பரியத்தைக் காட்டிக் கட்டளையைக் கழற்றிவிடும் தந்திரம். அவருக்குக் கோபம் வந்தது அதன் மேல்தான். கை கழுவுகிறவன் கழுவிக்கொள்ளட்டும்; அதை அவர் தடை செய்யவில்லை.

அப்போஸ்தலர் 15ல் எருசலேமில் ஒரு கூட்டம். யூதரல்லாதவர் கிறிஸ்தவராக வேண்டுமானால் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா? அது பழைய ஏற்பாட்டில் கறுப்பு மையில் எழுதியிருக்கிற விஷயம். ஆனாலும் வேண்டாம் என்று முடிவானது. ரோமர் 14ல் ஒருவன் ஒரு நாளை விசேஷமாக நினைக்கிறான், இன்னொருவன் எல்லா நாளையும் ஒன்றாக நினைக்கிறான், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நியாயந்தீர்க்க வேண்டாம் என்கிறார் பவுல். அதே பவுல் 2 தெசலோனிக்கேயர் 2ல், கற்றுக்கொடுத்த பாரம்பரியங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்கிறார்.

ஆக, 'பாரம்பரியம்' என்றாலே கெட்ட வார்த்தை கிடையாது. 'எழுதியிருக்கிறது' என்பதும் மட்டும் போதாது. ஒருவரையொருவர் பரிசுத்த முத்தத்தோடு வாழ்த்துங்கள் என்று பவுல் நான்கு நிருபங்களில் எழுதியிருக்கிறார். பேதுருவும் தன் பங்குக்கு ஒரு முறை எழுதியிருக்கிறார். எந்தத் தமிழ்ச் சபையில் அது நடக்கிறது? நாம் கைகூப்புகிறோம், அல்லது கை கொடுக்கிறோம். யாரும் குற்றவுணர்வில் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை :) அன்பாக வரவேற்க வேண்டும் என்பதை எடுத்துக்கொண்டு, முத்தத்தை அந்தக் காலத்து வழக்கம் என்று விட்டுவிட்டோம். அது சரியான வாசிப்புதான். அந்த நிதானம் நமக்கு எல்லா இடத்திலும் இருந்ததா என்பதுதான் கேள்வி.

மதுரையில் ஒரு பூணூல்

1606ல் மதுரைக்கு வந்தவர் ராபர்ட் தெ நோபிலி. இத்தாலிய இயேசு சபைத் துறவி. தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். காவி கட்டினார், மரக்கறி உணவுக்கு மாறினார். ஞானஸ்நானம் பெற்ற உயர்சாதிக்காரர்கள் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்றார். அவருடைய வாதம் எளிமையானது: இவை சமய அடையாளங்கள் இல்லை, சமூக அடையாளங்கள். ஒரு ரோமன் தன் உடையோடு கிறிஸ்தவனாகலாம் என்றால் ஒரு தமிழன் தன் குடுமியோடு ஏன் ஆகக் கூடாது? பெரிய சண்டை நடந்தது. 1623ல் போப் பதினைந்தாம் கிரகோரி, நிபந்தனைகளோடு, இவற்றை அனுமதித்தார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அன்றைய போர்த்துக்கீசியர் செய்ததுபோல உடையையும் பெயரையும் சாப்பாட்டையும் மாற்றினால்தான் கிறிஸ்தவன் என்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அந்த 'சமூக அடையாளம்' என்ற சாக்குப் பைக்குள் பூணூலோடு சேர்ந்து இன்னொன்றும் உள்ளே வந்துவிட்டது. உயர்சாதியினருக்கு ஒரு குரு, மற்றவர்களுக்கு வேறொரு குரு. அவர்களுக்கு வேறு கோயில். முன்னவர் பின்னவரோடு வெளிப்படையாகப் பழக முடியாது, பழகினால் தீட்டு.

எண்பது வருஷம் கழித்து ரோமிலிருந்து தூதராக வந்த தூர்னோன், பாண்டிச்சேரியில் விசாரித்து 1704ல் ஓர் ஆணை போட்டார். அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாகவும் இருக்கிறது, வேதனையாகவும் இருக்கிறது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, சிலுவை இருக்கட்டும். கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. திருநீறு கூடாது. ஞானஸ்நானத்தில் உப்பும் உமிழ்நீரும் பயன்படுத்தும் ரோமச் சடங்கை விடக் கூடாது (தமிழர்கள் எச்சில் என்று அருவருப்பார்கள் என்பதால் மிஷனரிகள் அதை விட்டிருந்தார்கள்). மாதவிலக்கான பெண்களைக் கோயிலுக்கு வராமல் தடுக்கக் கூடாது. நோயில் கிடக்கும் பறையர் குலக் கிறிஸ்தவரின் வீட்டுக்குக் குரு போய்த்தான் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும்.

தேங்காயும், எச்சிலும், சாகக் கிடக்கும் மனிதனும் ஒரே பட்டியலில். முதல் இரண்டும் வெறும் வழக்கம். ஒன்று நம்முடையது, மற்றது ரோமாபுரியுடையது. மூன்றாவது கட்டளை. நோயாளியைப் போய்ப் பார்க்காதவன் என்னைப் பார்க்கவில்லை என்று மத்தேயு 25ல் ஆண்டவர் சொன்ன விஷயம் அது. ஆனால் ஆணை எழுதியவருக்கும், அதை எதிர்த்தவர்களுக்கும் எல்லாமே 'மலபார் சடங்குகள்' என்ற ஒரே தலைப்புக்குள் அடங்கிவிட்டது. நாற்பது வருஷம் இழுத்தது இந்த வழக்கு. 1744ல் போப் பதினான்காம் ஆசீர்வாதப்பர் தூர்னோனின் ஆணையைப் பெரும்பாலும் உறுதி செய்தார். அந்தக் கடைசி விஷயத்துக்கு மட்டும் என்ன தீர்வு வந்தது தெரியுமா? ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று தனியாகக் குருக்களை ஒதுக்குவது. தேங்காயை நிறுத்த முடிந்தது. தீட்டை நிறுத்த முடியவில்லை.

தரங்கம்பாடியில் பாய்

நம்ம புராட்டஸ்டண்டுகளுக்கு இதைக் கேட்டால் ஒரு சின்ன சந்தோஷம் வரும். "அது கத்தோலிக்கர் கதை. நாங்கள் வேதத்தை மட்டும் வைத்து வந்தவர்கள்." அவசரப்பட வேண்டாம்.

1706 ஜூலையில் சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். 1715ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. 1718ல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையானது. 'வேதம் மட்டுமே' என்று சொல்லும் லூத்தரின் பிள்ளைகள். தமிழன் கையில் தமிழ் வேதத்தையே கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஆலயத்துக்குள் சாதிக்கொரு பக்கம். வெள்ளாளரும் மற்ற மேல்சாதியினரும் ஓர் இடத்தில். பறையர் குலத்தார் வேறோர் இடத்தில். திருவிருந்துக்கு வருவதிலும் முன்னே பின்னே. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதே கதை. தஞ்சாவூர் சபையை வளர்த்த சுவார்ட்ஸ் ஐயர் (1798ல் காலமானார்) அற்புதமான மனிதர்; ஹைதர் அலியே நம்பிப் பேசிய மனிதர். அவர் காலத்திலும் இது நடந்தது. மெல்ல மெல்லத் தானாகக் கரையும் என்று விட்டுவைத்தார்கள்.

யாக்கோபு 2ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால் தலை சுற்றும். ஆலயத்துக்குள் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதைப் பற்றியே அந்த வசனங்கள் பேசுகின்றன. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் காலடியில் இடம் என்று பிரித்தால் அது பாவம் என்று நேரடியாக எழுதியிருக்கிறது. தொலைவில் இருந்து பொருத்திப் பார்க்க வேண்டிய வசனமே இல்லை. 1715லிருந்து தமிழில் அச்சில் இருக்கிறது. அந்த வசனத்தை வாசித்த ஆலயத்திலேயே பிரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

தஞ்சாவூரின் நான்கு புகார்கள்

இப்போது இந்தக் கதையின் மையத்துக்கு வருகிறேன். வேதநாயக சாஸ்திரியார். 1774ல் திருநெல்வேலியில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போனவர். 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதியவர். நாம் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் அவர் இல்லாமல் நம் ஆராதனை இல்லை. சாமான்யக் கவிஞர் கிடையாது. மன்னர் இரண்டாம் சரபோஜியே மதித்து ஆதரித்த புலவர்.

1820களில் புதிய தலைமுறை மிஷனரிகள் வந்தார்கள். சீர்திருத்த வேகம். பழைய ஐயர்மார் விட்டுவைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் மாற்ற வேண்டும் என்ற துடிப்பு. சாஸ்திரியாரும் தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்களும் கொதித்துப் போனார்கள். அவர்கள் எழுதி வைத்த குற்றச்சாட்டுகளின் சாரம் நான்கு. ஒன்று, பப்ரிசியுஸ் ஐயர் செய்த தமிழ் வேதத்தை மாற்றுகிறார்கள். இரண்டு, எல்லாச் சாதியையும் கட்டாயமாக ஒன்றாக உட்கார வைக்கிறார்கள். மூன்று, விசேஷங்களில் பூக்களை விலக்குகிறார்கள். நான்கு, தமிழ்ப் பாட்டையும் இசையையும் விலக்குகிறார்கள்.

இந்த நான்கையும் ஒருமுறை நிதானமாகப் பார்க்கலாம்.

மொழிபெயர்ப்பு: பப்ரிசியுஸின் தமிழ் அருமையான தமிழ், ஜெபத்தில் ஊறிய தமிழ். ஆனால் மொழிபெயர்ப்பு எதுவும் பரலோகத்திலிருந்து அச்சாகி வரவில்லை. இன்று நம்மில் பலர் 'இதில் ஒரு எழுத்தை மாற்றாதே' என்று கட்டிப்பிடித்திருக்கும் பழைய திருப்புதல், ஹென்றி பவர் தலைமையில் 1871ல் வந்தது. அதாவது சாஸ்திரியார் கண்மூடி ஏழு வருஷம் கழித்து. அவர் பார்த்திருந்தால் அதையும் எதிர்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்! இது வழக்கம். மதிக்க வேண்டிய, ஆனால் மாறக்கூடிய வழக்கம்.

பூ: நம் ஊரில் பூ இல்லாமல் கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை. வேதம் பூவைத் தடை செய்யவில்லை. கோயில் வழிபாட்டில் பூ இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஐரோப்பியருக்கு அது ஆகவில்லை. இதில் சாஸ்திரியார் பக்கம்தான் நியாயம்.

பாட்டு: இதில் இன்னும் நியாயம். தமிழன் தமிழ் ராகத்தில் பாடக் கூடாது, ஜெர்மன் மெட்டிலும் ஆங்கில மெட்டிலும்தான் பாட வேண்டும் என்பதற்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது. வழக்கத்தைக் கட்டளையாக்கியவர்கள் இங்கே மிஷனரிகள். நல்லவேளை, அந்தப் பிடிவாதம் நீடிக்கவில்லை. 1853ல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார்; அதில் சாஸ்திரியாரின் பாடல்களும் இருந்தன. இன்று புனேயிலும் தாராவியிலும் தில்லியிலும் ஒரு தமிழ்க் கூட்டம் வாய் திறந்து பாடுகிறது என்றால் அதில் அவர் பங்கு பெரியது.

ஒன்றாக உட்காருவது: இங்கேதான் எனக்குத் தொண்டையில் முள் சிக்குகிறது. பூவுக்கும் பாட்டுக்கும் அவ்வளவு அழகாக வாதாடிய அதே மனிதர், அதே மூச்சில், அதே தராசில் இதையும் வைத்தார். சாதி என்பது உலக ஏற்பாடு, மார்க்கத்துக்கு அதனோடு சம்பந்தமில்லை, எங்கள் முன்னோர் ஐயர்மார் அனுமதித்தது என்பதுதான் தஞ்சாவூர்த் தரப்பின் வாதம். நோபிலியின் அதே 'சமூக அடையாளம்'. குடுமிக்குப் பொருந்திய வாதம் பாய்க்கும் பொருந்தும் என்று நினைத்தார்கள்.

இரண்டு தரப்பும் ஒரே தவறைத்தான் செய்தன என்று எனக்குப் படுகிறது. மிஷனரிகள் நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'அஞ்ஞானப் பழக்கம், தூக்கி எறி' என்றார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் அதே மூட்டையை 'எங்கள் பாரம்பரியம், கை வைக்காதே' என்று மார்போடு அணைத்துக்கொண்டார்கள். மூட்டையை அவிழ்த்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. விளைவு என்ன? சாதியை எதிர்த்த குரல், தமிழ்ப் பாட்டை எதிர்த்த வாயிலிருந்து வந்தது. அதனால் சாதிக்குத் 'தமிழ் மானம்' என்ற போர்வை கிடைத்துவிட்டது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை யாரும் கருத்துக் கேட்டதாகவும் தெரியவில்லை. பூவும் பாட்டும் தமிழும் அவர்களுக்கும் சொந்தம்தானே?

1833, அதற்குப் பிறகு

கல்கத்தா பிஷப்பாக இருந்த ஹீபர் 1826ல் தஞ்சாவூர் வந்தார். இந்த விஷயத்தில் மென்மையாகப் போகலாம் என்ற எண்ணம் அவருக்கு. அடுத்த சில நாட்களில், ஏப்ரல் 3ஆம் தேதி, திருச்சியில் காலமானார். பின்னால் வந்த பிஷப் டேனியல் வில்சன் வேறு ரகம். 1833 ஜூலையில் சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேற்றுமையைத் தாமதமில்லாமல் முழுவதுமாக விட வேண்டும். ஆலயத்தில் இருக்கை, திருவிருந்து, எல்லாவற்றிலும். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அது வாசிக்கப்பட்டபோது ஏராளமானோர் எழுந்து வெளியே போனார்கள்.

வில்சன் சொன்ன விஷயம் சரி. என் வாசிப்பில் யாக்கோபு அவர் பக்கம்தான். ஆனால் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அதே காலத்தில் இங்கிலாந்தின் பல ஆலயங்களில் வசதியானவர்கள் பணம் கட்டி இருக்கைகளை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஏழைகளுக்கு ஓரத்திலும் பின்னாலும் இலவச இருக்கை. யாக்கோபின் வசனம் அங்கேயும்தான் வாசிக்கப்பட்டது. தன் ஊர்ப் பழக்கம் எவனுக்கும் கண்ணில் படாது. அடுத்தவன் ஊர்ப் பழக்கம் பளிச்சென்று தெரியும்.

வெளியே போனவர்கள் எங்கே போனார்கள்? அவர்களில் பலருக்குப் பிறகு லைப்சிக் மிஷன் கதவைத் திறந்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை இந்தியாவில் இருந்து தமிழை ஆழமாகப் படித்தவர். தமிழை நேசித்தவர். சாதியைச் சமூக வழக்கமாகக் கருதி, கட்டாயப்படுத்தாமல் மெல்ல மாற்ற வேண்டும் என்பது அவர் நிலை. மறுபடியும் அதே சோகம். தமிழை அதிகம் மதித்தவர் சாதிக்கு இடம் கொடுக்கிறார். சாதிக்கு இடம் கொடுக்காதவர் தமிழை மதிக்க மாட்டேன் என்கிறார்.

கத்தோலிக்கர் பக்கத்திலும் கதை முடியவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1872ல் கட்டியபோது, இரண்டு பக்கமும் தனித்தனிக் கூடங்கள் விரிந்து, பலிபீடத்தில் வந்து சேருகிற மாதிரி கட்டினார்கள். ஜனங்கள் 'கால்சட்டைக் கோயில்' என்றார்கள். ஒரு சாதிக்கு ஒரு கால், மற்றவர்களுக்கு இன்னொரு கால்! 1910ல் கௌசானல் அடிகளார் நடுவில் இருந்த தடுப்பை இடித்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஆலயத்துக்குள் எங்கள் சாதிக்குத் தனி இடம் உரிமை என்ற கோரிக்கை அங்கே எடுபடவில்லை. யாக்கோபு சொன்னதை நீதிபதிகள் சொல்ல வேண்டியிருந்தது.

எப்படிப் பிரிப்பது?

நான் இறையியல் படித்தவன் இல்லை. ஆனால் இந்த வரலாற்றைப் படித்ததில் எனக்குள் ஓர் அளவுகோல் உருவாகியிருக்கிறது. அதை கலாத்தியர் 2ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத விசுவாசிகளோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சில பேர் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரை நேருக்கு நேர் கண்டித்தார். இத்தனைக்கும் யாரோடு சாப்பிடுவது என்பது பேதுருவின் முன்னோர் வழக்கம்தான். 'சமூக வழக்கம்' என்று பேதுருவும் சொல்லியிருக்கலாம். பவுல் அதைச் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே விரோதம் என்கிறார்.

ரோமர் 14ல் சாப்பாடு விஷயத்தில் அவ்வளவு விட்டுக்கொடுக்கிற பவுல், அந்தியோகியாவில் மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை? என்ன சாப்பிடுவது என்பது வழக்கம். யாரோடு சாப்பிட மாட்டேன் என்பது வேறு. ஒரு வழக்கம் என்னோடு நிற்கும்வரை அது என் உரிமை. அது இன்னொருவரை வாசலுக்கு வெளியே நிறுத்தும்போது கட்டளையோடு மோதுகிறது.

இதை வைத்துக்கொண்டு நம் வாக்குவாதங்களுக்குத் திரும்பினால் பாதி அங்கேயே அடங்கிவிடும். டிசம்பர் 25 வேதத்தில் இல்லை. ரோமாபுரியில் 354ல் தொகுத்த ஒரு பஞ்சாங்கத்தில்தான் அந்தத் தேதி வருகிறது. அதற்காக இங்கிலாந்து பாராளுமன்றம் 1647ல் செய்தது மாதிரி பண்டிகையையே தடை செய்ய வேண்டுமா? வேண்டாம். கொண்டாடுகிறவர் கொண்டாடட்டும், கொண்டாடாதவரை நாம் முறைக்க வேண்டாம். கல்யாண வெள்ளையும் வேதத்தில் இல்லை. 1840ல் விக்டோரியா ராணி தன் கல்யாணத்துக்கு வெள்ளை உடுத்திய பிறகு பரவிய நாகரிகம். பட்டுப்புடவை கட்டுகிறவள் அதனால் குறைந்த கிறிஸ்தவள் ஆகிவிட மாட்டாள். தாலி, மோதிரம், செருப்பு, பூ, மெழுகுவர்த்தி எல்லாம் இந்த ரகம். ஊருக்கு ஊர் மாறும். மாறலாம். பிடித்ததை அன்போடு வைத்துக்கொள்ளலாம்.

கம்மல் கொஞ்சம் சிக்கல். 1 பேதுரு 3லும் 1 தீமோத்தேயு 2லும் ஆபரணத்தைப் பற்றி எழுதியிருக்கிறது. அந்த அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டு கழற்றிவிட்டார். அவருடைய எளிமைக்கு என் மரியாதை உண்டு. ஆனால் கம்மல் போட்ட சின்னப் பெண்ணைத் திருவிருந்து நேரத்தில் ஓரக்கண்ணால் பார்ப்பது எங்கும் எழுதப்படவில்லை.

நாம் கேட்காத இடம்

கடைசியாக, புலம் பெயர்ந்த நம் வீடுகளுக்கு வருகிறேன். இங்கே ஆராதனையில் யாரும் சாதி பார்த்து உட்காருவதில்லை. இருக்கிற நாற்காலியில் உட்காருகிறோம். திருவிருந்தில் ஒரே பாத்திரம். ஊரில் முந்நூறு வருஷம் நடந்த சண்டை இங்கே முடிந்துவிட்டது என்று சந்தோஷப்படலாம். பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வயது ஆகும்வரை.

அப்புறம் வரன் தேடும் படலம். கிறிஸ்தவத் திருமண விளம்பரங்களைப் பாருங்கள். சபையின் பெயர், பக்கத்திலேயே சாதியின் பெயர், 'அதே பிரிவில் வரன் தேவை'. 'மறுபடியும் பிறந்த' என்று போட்டுவிட்டு அடுத்த வரியில் எந்தச் சாதியில் பிறந்தவர் என்றும் போடுவார்கள். புனேயில் பிறந்து, மராத்தி நண்பர்களோடு வளர்ந்து, தாத்தா ஊரைக் கோடை விடுமுறையில் மட்டும் பார்த்த பிள்ளைக்கு, அதுவரை காதால் கேட்டிராத ஒரு கோட்டைக் காட்டி 'இதைத் தாண்டாதே' என்கிறோம்.

கல்யாணத்துக்குத் தாலியா மோதிரமா என்று இரண்டு குடும்பங்கள் வாரக்கணக்கில் வாதாடிப் பார்த்திருக்கிறேன். வேதத்தில் எங்கே இருக்கிறது என்று வசனம் வசனமாக எடுத்துப் போடுவார்கள். வெள்ளைப் புடவைக்கு வசனம் கேட்பார்கள். பூவுக்கு வசனம் கேட்பார்கள். சாதிக்கு மட்டும் யாரும் வசனம் கேட்டு நான் பார்த்ததில்லை. 'அது நம்ம வழக்கம், மதத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை' என்று யாராவது பெரியவர் சொல்வார். தஞ்சாவூர்க்காரர்கள் இருநூறு வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தை.

ஊரோடு உள்ள உறவு அறுந்துவிடுமோ என்ற பயம் நமக்கு இருக்கிறது. தூரத்தில் இருப்பவனுக்கு அந்தப் பயம் இரட்டிப்பு. மொழி போய்விடுமோ, பாட்டு போய்விடுமோ, கடைசியில் பிள்ளைகளுக்கு எதுவுமே மிஞ்சாதோ என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறோம். அந்தப் பயம் புரிகிறது, எனக்கும் உண்டு. ஆனால் மூட்டையை அவிழ்க்கலாம். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுங்கள். சாஸ்திரியார் கீர்த்தனைகளை ராகத்தோடு பாடக் கற்றுக்கொடுங்கள். கல்யாணத்தில் மல்லிகைப் பூவும் இருக்கட்டும், நாதஸ்வரமும் இருக்கட்டும். அந்த மூன்று புகார்களிலும் நான் சாஸ்திரியார் கட்சி.

நான்காவதை ஊரிலிருந்து இங்கே சுமந்து வர வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் பெண்ணோ பையனோ "அது வேதத்தில் எங்கே எழுதியிருக்கு?" என்று கேட்டால், யாக்கோபு 2ஐயும் கலாத்தியர் 2ஐயும் எடுத்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அவர்களாகப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, அப்பா அம்மா வாயால் கேட்பது நல்லது.